அண்ணன் குரலில் கத்திய கருவி

எங்கள் ஊர் ஜமுனாமரத்தூருக்குப் பக்கம். சாமைக் கொல்லையில் குரங்கு இறங்கினால், பார்த்தவர் "ஓடியாங்கடா!" என்று கத்துவார். கேட்டவர்கள் எல்லோரும் ஓடுவோம்.

அண்ணன் நாள் முழுக்கக் காவல் நிற்கிறாரே என்று, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் சென்சாரும் ஸ்பீக்கரும் பொருத்திக் கொல்லையில் வைத்தேன். ஏதாவது அசைந்தால், நான் பதிவு செய்திருந்த அண்ணன் குரலில் அது கத்தும். காற்றில் கதிர் ஆடினாலும் கத்தியது. பத்தே நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றானது.

ஒரு நாள் காலை அதே குரல், விடாமல் கேட்டது. "உன் மிஷின வந்து நிறுத்துப்பா, காது போவுது" என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர். "வர்றேங்க" என்றேன். ஆனால் மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

கொல்லையோரப் பாறையில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து கிடந்தார் அண்ணன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

திருப்பத்தூரில் மாவுக்கட்டுப் போட்டும் கால் சரியாக ஊன்ற வரவில்லை. "என் குரலத்தான் மிஷினுக்குக் குடுத்துட்டியே, அப்புறம் நான் இன்னான்னு உன்னக் கூப்புடறது?" என்று ஒரே ஒருமுறை கேட்டார்.

இப்போது அந்தக் கருவியில் தகரம் தட்டும் சத்தம்தான் வருகிறது. யார் கத்தினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். அண்ணன் மட்டும் என்னைக் கூப்பிடுவதே இல்லை.