மலையில் பார்த்த வேலை

போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர் சூர்யகலா நல்லவள். ஊரில் யாருக்குச் சீக்கு என்றாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவாள். அவளிடம் இருந்த பொறாமை அத்தனையும் ஒரே ஒருத்தி மேல்தான். சித்தி மகள் பானுப்பிரியா மேல். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

பிளஸ் டூவில் சூர்யகலாவுக்குத்தான் மார்க் அதிகம். ஆனால் வீட்டு நிலைமைக்கு நர்சிங் டிப்ளமாதான் வாய்த்தது. வேலை பார்த்துக் காசு சேர்த்து, மறுபடி படித்து டிகிரி வாங்கினாள். பானுவின் அப்பாவுக்குச் சொந்தத் தோட்டம் இருந்தது, மகளை நேராக டிகிரியில் சேர்த்துவிட்டார். எட்டு வயது சின்னவள் வந்து சரிக்குச் சமமாக நின்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இருவருக்கும் ஒரே ஆசைதான், நர்சிங்கில் மேல்படிப்பு. முடித்தால் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தலாம். அதில் சேர டிகிரியும், அதற்குப் பின் ஒரு வருட அனுபவமும் வேண்டும். பானு போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் பார்த்திருந்தாள். சூர்யகலாவுக்கு ஏலக்காய்த் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஐந்து வருடம். விடியும்போது கூலியாட்களோடு ஜீப்பில் ஏறி, மலை மேல் போடிமெட்டைத் தாண்டிப் போய், பொழுது சாய இறங்குவாள். அட்டைக்கடி, கத்தி வெட்டு, மூச்சிரைப்பு எல்லாம் அவள் கைக்குத்தான் வரும்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு மதுரையில் ஒரு கல்லூரிக்கு இருவரும் ஒரே ரயிலில் போனார்கள்.

"ஒரு வருசம் பத்துமாக்கா? பயமா இருக்கு" என்றாள் பானு.

"சில எடத்துல போதாதுன்னு திருப்பி அனுப்பிருவாங்களாம்."

சூர்யகலா அப்படி எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பானுவின் முகம் வாடியது. தேனியில் சொன்ன அந்தப் பொய் உசிலம்பட்டி வரைக்கும் அவளுக்கு இனித்தது.

கல்லூரியில் பானுவுக்கு உடனே சரி என்றுவிட்டார்கள். சூர்யகலாவின் தாள்களைப் புரட்டிய அம்மாள் மறுபடியும் முதல் தாளுக்கே போனார்.

"நீங்க நர்ஸாப் பதிவு பண்ணது தமிழ்நாட்டுல. வேலை பாத்தது கேரளாவுல. அங்க பதிவே இல்லையேம்மா."

"கேரளாவுலயா? நான் மலைக்குத்தாங்க போயிட்டு வந்தேன்."

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில் யாரும் கேரளாவுக்கு வேலைக்குப் போவதில்லை. மலைக்குப் போவோம், மலையிலிருந்து வருவோம். தினமும் போடிமெட்டு செக்போஸ்ட்டைக் கடந்தவளுக்கு அது வேற்று மாநிலம் என்று ஒருநாளும் உறைக்கவில்லை. ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூடக் கணக்கில் சேரவில்லை.

திரும்பும் ரயிலில் பானு தன் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் சூர்யகலாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவள் குதித்துக் கும்மாளம் போட்டிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

"அக்கா, நான் படிக்கப் போயிட்டா ஆஸ்பத்திரியில என் எடம் காலியாகும். டாக்டரம்மாகிட்ட ஒன்னயச் சொல்லட்டுமா? போடியில ஒரு வருசம் பாத்துட்டா அடுத்த தடவ ஒனக்குக் கெடச்சிரும்."

பானு விட்டுப் போகும் இடம். பிறகு கல்லூரியிலும் பானுவுக்கு ஒரு வருடம் பின்னால். சூர்யகலாவுக்கு அவளை அங்கேயே ஓங்கி அறையலாம் போலிருந்தது. வேண்டாம் என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் மேல்படிப்பும் அதோடு போய்விடும் என்பது தெரிந்து விழுங்கினாள்.

"எப்பக் கெளம்புற?"

"அடுத்த மாசம்க்கா."

"வெரசாப் போ" என்றாள் சூர்யகலா.