மேகத்திலும் ஓடிய விசிறி

கண்டனூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீடொன்றின் பின்கட்டில், ஆலை முதலாளி ஒருவர் சூரிய மின்கலம் செய்யும் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். மரிய அந்தோணி அங்கே எட்டு வருடமாகத் தினக்கூலி.

சிலிக்கான் பில்லைகளை அமிலத்தில் முக்கி, அறுத்த தழும்பைக் கரைப்பான். வடிநீரில் ஏழு முறை அலசுவான். சூடு தாங்கும் கண்ணாடித் தட்டில் நிறுத்தி உலைக்குள் தள்ளுவான். தொள்ளாயிரம் டிகிரியில் பாஸ்பரஸ் ஆவி பில்லையின் மேல்தோலில் இறங்க வேண்டும். கடைசியில் வெள்ளிக் கோடுகள். வெறும் விரல் பட்டாலே பில்லை வீண். அமில வாடை கையை விட்டுப் போகாது. மனைவி ஞானபூரணி, குழந்தைக்கு அவனை ஊட்ட விடமாட்டாள்.

எழுபத்து நான்கில், ஆயுத பூசைக்கு இரண்டாம் நாள் டெல்லி அதிகாரி வருவதாக இருந்தது. மானியம் கிடைத்தால் அந்தோணிக்கு நிரந்தர வேலை.

பூசையன்று ஆய்வுக்கூடத் தலைவர் சத்தியமூர்த்தி உலைக்குச் சந்தனம் பூசினார். கண்ணாடித் தட்டிலும் வரிசையாகக் குங்குமம் வைத்தார்.

"தட்டுல வேணாம்யா. சூட்டுல அழுக்கு பில்லைக்குள்ள ஏறிரும். நீங்கதான சொல்லிக் குடுத்தீக?"

"சாமி குங்குமம் அழுக்காடா? வேதக்காரனுக்கு வாய் நீளுது."

மறுநாள் மறுபூசை முடிந்தது. அந்தோணி தட்டைக் கழுவ எடுத்தான். அவர் தடுத்தார்.

"மொத நடை குங்குமத்தோடயே போகட்டும்."

கையிருப்பில் இருந்த நாற்பது பில்லைகளும் உள்ளே போயின. வெளியே வந்தவற்றை வெயிலில் வைத்தபோது மீட்டர் முள் அசையவில்லை.

சத்தியமூர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கார் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து அதிகாரிக்குக் காட்டப் பில்லைகளைப் பதித்த பலகைக்கு அடியில் மறைத்து வைத்தார்.

"ஒயரை முடுக்கு. ஒன் வேலையும் இதுலதான் இருக்கு."

முடுக்கினான்.

அதிகாரி வந்தார். பலகையோடு இணைத்திருந்த சிறு விசிறி சுழன்றது. அந்த நேரம் பார்த்து மேகம் வெயிலை மூடியது. விசிறி நிற்கவில்லை.

"மேகத்திலும் ஓடுகிறதே!" என்றார் அதிகாரி.

முதலில் கைதட்டியவர் சத்தியமூர்த்தி. எல்லாரும் தட்டினார்கள். அந்தோணியும் தட்டினான். இளநீர் கொடுத்தார்கள்.

மறுமாதம் நிரந்தர உத்தரவு வந்தது. செய்ய வேலை இல்லை. பில்லைகள் இன்னும் வரவில்லை.

ஞானபூரணி அவன் கையை எடுத்து முகர்ந்தாள். "நாத்தமே இல்லயே! இன்னைக்குப் பிள்ளைக்கு நீங்களே ஊட்டுங்க."

பிசைந்த சோற்றைக் கையில் எடுத்தான். குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தான்.

"நீயே ஊட்டு."