சத்தமில்லாத சூடு

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவதும், ஒரு வாணம் வானத்தில் எப்படி விரியும் என்று ஆர்டர் பிடிப்பதற்காகக் கம்ப்யூட்டரில் படமாக ஓட்டிக் காட்டுவதும் என் பிழைப்பு. சிவகாசியில் வீட்டின் முன்னறையிலேயே வேலை. கம்ப்யூட்டரில் படங்களை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு விசிறிகள். வேலை கூடினால் கார்டு சூடாகும். விசிறிகளின் சத்தம் உய்யென்று ஏறும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் என் மனைவி வேலை பார்த்த ரூம் வெடித்தது. தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்ததால் அவள் பிழைத்தாள். உள்ளே இருந்த தோழி பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த விசிறிச் சத்தம் ஏறத் தொடங்கினாலே, பிசைந்த மாவுக் கையோடு தெருவுக்கு ஓடிவிடுவாள்.

சத்தம்தான் எதிரி என்று நானே முடிவு கட்டினேன். அவளிடம் கேட்கவில்லை, கேட்கும் பழக்கம் எனக்குக் குறைவு. மதுரைக்குப் போய் விசிறியே இல்லாத கார்டு ஒன்றை வாங்கி வந்தேன். செம்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் அடுக்கிய கனத்த சாமான். சூட்டைத் தகடுகளே காற்றில் விட்டுவிடுமாம். கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்த மற்ற விசிறிகளையும் கழற்றி எறிந்தேன். அறை நிசப்தமானது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் மதியம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. பேச்சுவாக்கில் பெட்டியின் மேல் கையை வைத்தவள், வெடுக்கென்று எழுந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எந்திரிங்க. வெளிய வாங்க.”

“அதான் சத்தமே இல்லையே, பெறகு என்ன?” என்றேன், வாசலில் நின்று எரிச்சலோடு.

“அன்னைக்கும் சத்தம் இல்ல. நீங்க எங்க கண்டீக? வெடிமருந்துத் தட்டு சும்மா இருக்கையிலேயே சுட்டுச்சு. தொட்டுப் பாத்தவ நான்தான். வெயில் சூடுன்னு நெனச்சு, உள்ள இருந்த அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமத் தண்ணிக்குப் போயிட்டேன்.”

விசாரிக்க வந்தவர்களிடமும் இதை அவள் சொன்னதில்லை. நானோ அத்தனை மாதமும் விசிறியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. “யாரா இருந்தாலும் வெயில்னுதான் நெனச்சிருப்பாக” என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆறியதாகத் தெரியவில்லை.

பெட்டியில் பெரிய விசிறி ஒன்றை மாட்டினேன். ஏறாமல் இறங்காமல் ஒரே வேகத்தில் மெதுவாகச் சுற்றும். பெட்டி இப்போது அவ்வளவாகச் சுடுவதில்லை. ஆனாலும் அடுப்படியிலிருந்து ஒரு நாளைக்குப் பல தடவை வந்து தொட்டுப் பார்க்கிறாள். “சூடு இல்ல” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். வேலை மும்முரத்தில் நான் பதில் பேசாவிட்டால், என் காதில் விழும்வரை நின்று மறுபடியும் சொல்கிறாள்.