விளக்கடியில் பூத்த சிறகவரை

ஓடிப் போகவில்லை, நடந்துதான் போனாள். கிழவியைத் தனியே விட்டுவிட்டு மருமகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாளாம். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் மனைவி குழாயடியில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அந்தக் கிழவி நான்தான். அப்படிச் சொல்லுமுன் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?

என் மகன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மருமகள் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்தாள். கம்பெனியை மூடியதும் நாற்றுப் பண்ணையில் வேலை கேட்டுப் போனாள். தங்க அறை உண்டு, ஆனால் உனக்குச் செடி பழக்கமில்லையே என்றார் பண்ணைக்காரர். நாலு சிறகவரை விதையைக் கையில் வைத்து, இதை வளர்த்து முற்றிய விதையோடு வா, வேலை உனக்குத்தான் என்று அனுப்பிவிட்டார்.

பின்சுவரில் கொடி ஏறியது. கொழுந்தைக் கீரைபோல வேகவைத்துச் சாப்பிட்டோம். வேரில் கிழங்கு வைக்குமாம், அதையும் அவித்துத் தின்னலாமாம். எல்லாம் சரி, பூவைக் காணோம். பூ இல்லாமல் விதை ஏது? இவள் கைராசி அப்படி என்று இஸ்திரிக்காரர் மனைவி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு நாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மருமகள் என்னைக் கூப்பிட்டாள். அங்கே மட்டும் நீலமாய் மூன்று பூ. தெருவிளக்கின் வெளிச்சம் படாத இடம் அது ஒன்றுதான்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. நீங்க மனு குடுத்து வாங்குன விளக்குதான் ராத்திரி கொடியைத் தூங்க விடல, அதான் பூக்கல."

ஒன்றரை வருடம் அலைந்து, கைநாட்டு வைத்து வாங்கிய விளக்கு. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் கம்பளியைக் கொண்டுவந்து போட்டேன். சாயங்காலம் கொடிக்கு மறைப்பாகக் கட்டு, காலையில் அவிழ்த்துவிடு என்றேன்.

"உங்களுக்குக் குளிராதா?"

"கோபம் இருக்குல்ல. அது போதும்."

கொஞ்ச நாளில் சுவரெல்லாம் பூ. காய்க்கு நாலு பக்கமும் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி இறக்கை. பிஞ்சை நறுக்கி வதக்கினால் சட்டென்று வெந்துவிடும். இஸ்திரிக்காரர் வீட்டுக்கும் கொடுத்தோம்; வாங்கித் தின்றார்கள். முற்ற விட்ட காய்களை மட்டும் அவள் யாரையும் தொட விடவில்லை. அவை காய்ந்து கறுத்ததும் உடைத்து, கைக்குட்டை கொள்ளாமல் விதை சேர்த்தாள்.

கிளம்பும் நாளில் பையோடு வாசலிலேயே நின்றாள். பஸ் போய்விடும் என்று நான் சொல்லியும் நகரவில்லை.

"அடுத்த மாசம் வந்து உங்களையும் கூட்டிட்டுப் போறேன் அத்தை."

"அந்த ரூம்ல விளக்கு எரியுதான்னு முதல்ல பாரு. இப்ப கிளம்பு. திரும்பிப் பார்த்தே, கதவைச் சாத்திடுவேன்."

படி இறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை அவள் கழுத்து அசையவில்லை.