படுத்து ஓடும் காற்று

நாகூர்க் கல்யாண வீடுகளின் வாசலில் பன்னீர் தெளிக்க வருபவரிடம் நிலோஃபர் தலையைக் காட்டுவதில்லை; கையை நீட்டிச் செம்பை வாங்கிக்கொள்கிறார். கண்ணுக்கு நேரே தூக்கி, மூடியில் எந்த ஓட்டை அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார். முக்காட்டில் குத்தியிருக்கும் ஊசியை உருவி, அடைப்பை எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறார். “இப்ப தெளிங்க, ஒரே சீரா விழும்” என்று சொல்லிவிட்டுத்தான் பந்தலுக்குள் நுழைவார்.

சொந்தக்காரர்களுக்கு இது பழகிப்போய்விட்டது. ஓட்டை பார்ப்பதுதான் அவருக்குத் தொழில். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய உரக் கிடங்கைப் பட்டறையாக்கி, எரிவாயு மின்நிலையங்களில் ஓடும் டர்பைன்களின் இறக்கைகளில் தையல் ஊசி பருமனுக்குத் துளை போடுகிறார். டர்பைனுக்குள் பாயும் வாயுவின் சூடு இறக்கையின் உலோகத்தையே உருக்கிவிடக்கூடியது. அதனால் இறக்கையை உள்ளே குடைவாகச் செய்து, அந்தக் குடைவுக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள். காற்று சாய்வான துளைகள் வழியாக வெளியே வந்து, இறக்கையின் மேல் மெல்லிய படலமாகப் பரவி ஓடுகிறது. நெருப்பு உலோகத்தைத் தொடாமல் காப்பது அந்தப் படலம்தான்.

“காத்து எந்திரிச்சு நிக்கக் கூடாதுங்க, படுத்து ஓடணும். எந்திரிச்சா அடியில நெருப்பு பூந்துரும்” என்கிறார் நிலோஃபர். டீயை ஆற்றும்போதுகூடக் கோப்பையின் விளிம்போடு சாய்த்துத்தான் ஊதுகிறார். கோபம் வந்தால் மலையாளத்தில் திட்டுவார். ஷார்ஜாவில் கூட வேலை பார்த்தவர்களிடமிருந்து தொற்றிய பழக்கம். பட்டறையில் அவருக்கு வலதுகையாக இருப்பவர் அம்சம். பக்கத்து ஊர் விவசாயக் குடும்பத்துப் பெண், ஐ.டி.ஐ. படித்தவர். புரியாது என்ற தைரியத்தில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார் நிலோஃபர். இப்போது அம்சமும் மலையாளத்திலேயே பதில் சொல்கிறார்.

தொண்ணூறுகளின் கடைசியில் தஞ்சாவூரில் பொறியியல் முடித்த கையோடு கல்யாணம். கணவர் மூஸாவுடன் ஷார்ஜா பயணம். மூஸாவுக்குச் சரக்குக் கப்பல் கம்பெனியில் வேலை. நிலோஃபர் ஒரு டர்பைன் பழுதுபார்க்கும் பட்டறையில் வரைபடம் போடச் சேர்ந்து, துளையிடும் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார். பழுதான இறக்கைகளோடு அங்கே வந்து இறங்கிய மரப்பெட்டிகளில் ஒரு நாள் நம் மாவட்டத்து முகவரியைப் பார்த்திருக்கிறார். தமிழ்நாடே மின்வெட்டில் தவித்த வருஷங்கள் அவை. “பெட்டி கப்பல்ல வந்து கப்பல்லயே திரும்பிப் போவுது. அதுவரைக்கும் அங்க மிஷின் நிக்கிது, ஊரே இருட்டுல கெடக்குது. எனக்குச் சோறு எறங்கல” என்றார் என்னிடம்.

சேமிப்பைப் போட்டு, மின்பொறியால் துளையிடும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். மூஸா அங்கேயே இருந்தார். ஒரு வருஷத்துக்குள் எந்த நிலையமும் நம்பி வேலை தராவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஷார்ஜாவுக்கே திரும்பிவிடுவதாகப் பேச்சு.

யாரும் தரவில்லை. எல்லாரும் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனியின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று கேட்டார்கள். வருஷம் முடியப்போகும் நேரத்தில் அரசப்பன் வந்தார். வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மின்நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளர் அவர். டர்பைனில் சுழலாமல் நின்று வாயுவைத் திருப்பிவிடும் முதல் வரிசை இறக்கைகள் ஓரம் கருகி, இயந்திரம் நின்றுபோயிருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பினால் மாதக் கணக்கில் ஆகும். சுற்றிலும் குறுவைக்கு நாற்று விட்டவர்கள் போர் மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு நிலைய வாசலுக்கே வந்துகொண்டிருந்தார்கள்.

இறக்கைகளை உள்ளூரிலேயே வேறொரு பட்டறையில் செப்பனிட்டு, சூடு தாங்கும் பூச்சைப் புதிதாகப் பூசியாகிவிட்டது. பூச்சு துளைகளை அடைத்துவிட்டது. பழைய சாய்விலேயே அவற்றைத் திறக்க வேண்டும். அரசப்பன் ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு தடவை கருகிவிட்டதால் துளைகளைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, காற்றையும் கூடுதலாக விட்டால் இன்னும் குளிரும் அல்லவா என்றார். முதல் முதலாக வந்த வேலை. அதுவும் கடைசி வாய்ப்பு. முடியாது என்றார் நிலோஃபர். அப்படியென்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று எழுந்துவிட்டார் அரசப்பன்.

“அஞ்சு நிமிஷம் உக்காருங்க சார். பாத்துட்டுப் போங்க.”

ஒரு தகட்டில் சாய்வாகத் துளை போட்டு, அதன் வழியே சாம்பிராணிப் புகையைக் கை ஊதி ஒன்றால் செலுத்தினார். தகட்டின் மேலே, சூடான வாயுவுக்குப் பதிலாக மேசை விசிறிக் காற்று. மெதுவாக ஊதியபோது புகை தகட்டோடு ஒட்டி, வெள்ளைத் துணி விரித்தது போல ஓடியது. ஊதியை அரசப்பன் கையிலேயே கொடுத்து, வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டியதும் புகை தகட்டை விட்டு மேலே கிளம்பியது. அடியில் வெறுந்தகடு தெரிந்தது. அரசப்பன் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டையில் ஏறிய சாம்பிராணி வாசனையோடு நிலையத்துக்குப் போய், மறுநாளே பெட்டிகளை அனுப்பிவைத்தார்.

நிலோஃபர் திறந்த ஒவ்வொரு துளையையும் அம்சம் ஊசி விட்டுப் பார்த்தார். பிறகு தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார்கள். இறக்கைகள் பொருத்தப்பட்டன. குறுவைப் பயிர் வாடும் முன்பே இயந்திரம் ஓடிவிட்டது. ஆனாலும் உள்ளே என்ன நடக்கிறது என்பது, அடுத்த வருஷம் நிறுத்திப் பார்க்கும்போதுதான் தெரியும். மூஸாவிடம் இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கினார்.

அந்த நாளும் வந்தது. அரசப்பன் மெல்லிய குழாய்க் கேமராவை டர்பைனுக்குள் நுழைத்தார். திரையில் ஒவ்வொரு இறக்கையாக வந்தது. கருகல் இல்லை, வெடிப்பு இல்லை. ஒவ்வொரு துளைக்கும் பின்னால் காற்று ஓடிய தடம் வெளிறிய கோடாக, இறக்கையை ஒட்டியே நீண்டிருந்தது. அம்சம் நிலோஃபரின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அரசப்பன் கேமராவை இன்னொரு சுற்று விட்டார். பிறகு திரும்பி, “சுழலுற இறக்கையும் இனிமே உங்ககிட்டதாம்மா வரும். இன்னும் ரெண்டு ஸ்டேஷன்ல கேட்டாங்க, உங்க நம்பரக் குடுத்திருக்கேன்” என்றார்.

நிலைய வாசலில் நின்றே ஷார்ஜாவுக்குப் போன் போட்டார் நிலோஃபர். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட மூஸா, அப்படியானால் அவர் திரும்பி வரப்போவதில்லையா என்று கேட்டிருக்கிறார்.

“நீங்க வாங்க மச்சான்” என்றார் இவர்.

நான் போன அன்று மூஸா பட்டறையில் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். மூலையில் நின்ற துளையிடும் இயந்திரத்துக்கு அன்றுவரை தரையோடு பிடிப்பு கிடையாது. விற்க நேர்ந்தால் தூக்கிப்போக வசதியாக ரப்பர் கட்டைகளின் மேலேயே இருந்திருக்கிறது. அம்சம் கட்டைகளை உருவி எடுத்தார். நிலோஃபர் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, நான்கு மூலையிலும் போல்ட்டை இறக்கி, ஸ்பேனரின் மேல் உடம்பு மொத்தத்தையும் சாய்த்து, இனித் திரும்பாது என்கிற வரைக்கும் முடுக்கினார்.