பத்மா மேடம் வைத்த இரண்டாவது நோட்டு

"சார், பத்மா மேடம் போயிட்டாங்க. காலைல மூச்சுத் திணறல்னு சேர்த்தாங்க, மத்தியானம் முடிஞ்சிருச்சு." சாமல்பட்டி ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது, அவர் கம்பெனியில் வேலை பார்க்கும் மஞ்சுளா போனில் சொன்னார். ஓசூர் போய்ச் சேரும்வரை ஒரு நோட்டுதான் என் நினைவில் இருந்தது.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பத்மாவதி பணியாளர் அதிகாரி. யார் கொதித்துக்கொண்டு வந்தாலும், "மொதல்ல உக்காருங்க, அப்புறம் கோபப்படலாம்" என்பார். தமிழில் அடங்காதவரைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ உட்கார வைப்பார்.

புதிதாக வந்த மேலாளர் பெண்கள் கழிப்பறை வாசலில் ஒரு நோட்டு வைத்தார். போகும் நேரம், வரும் நேரம், கையெழுத்து. அஞ்செட்டிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த மஞ்சுளாவின் பெயருக்கு எதிரே, அடுத்தடுத்து மூன்று நாள், இருபது நிமிடம். வேலையை விட்டு நிறுத்த மெமோ தயாரானது.

ஏன் என்று பத்மா மேடம் மஞ்சுளாவைக் கேட்கவில்லை. மூன்று நாள் என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் அதிகாரிகள் கழிப்பறை வாசலிலும் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, முதல் வரியில் தன் பெயரையும் நேரத்தையும் எழுதினார்.

"என்னம்மா இது, கிண்டலா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். நம்ம நேரம் தெரிஞ்சாத்தானே அவ நேரம் ஜாஸ்தின்னு சொல்ல முடியும்?"

இரண்டாவது வரியை யாரும் எழுதவில்லை. மூன்றாம் நாள் இரண்டு நோட்டுகளும் இல்லை, மெமோவும் இல்லை.

விஷயம் காதுக்கு எட்டி, பத்திரிகை நிருபரான நான் செய்தி எழுதப் போனேன். பத்மா மேடம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பேப்பர்ல வந்த மறுநாள் அவ எந்த பஸ்ல வேலைக்கு வருவா? அந்த ஊருக்கு ஓடறதே ரெண்டு பஸ்ஸு. அவங்கப்பா அனுப்புவாரா?"

"பேர் போடமாட்டேன் மேடம்."

"அஞ்செட்டிப் பொண்ணுன்னு போட்டாலே போதும் சார், தெரிஞ்சிரும்."

எழுதவில்லை. கம்பெனியைத்தான் காப்பாற்றுகிறார் என்று பல மாதம் அவர்மேல் கோபமாக இருந்தேன். அது என் தவறு.

துக்க வீட்டில் மஞ்சுளா சீருடையோடு நின்றிருந்தார். இப்போது அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். "அன்னைக்கு விட்டத இப்ப எழுதுங்க சார். என் பேரைப் போட்டே எழுதுங்க. இப்ப நான் ஸ்கூட்டில போறேன். பஸ்ஸுல எவன் என்ன பேசினா எனக்கென்ன?" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

எழுதிவிட்டேன். ஒருவர் பெயரை அச்சுக்கு அனுப்பும் முன், நாளைக்கு இவர் எந்த பஸ்ஸில் வேலைக்குப் போவார் என்று இப்போதும் ஒருமுறை யோசிக்கிறேன். பத்மா மேடத்திடமிருந்து என்னிடம் தங்கியது அந்தக் கேள்விதான்.