ஏழாம் குழி எங்கே இருந்தது

1. சிவப்பு லேபிள்

1959 ஜூனில், கல்லூரி திறந்த வாரம், திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் நாள் என் மேஜைக்கு வந்தது ஒரு தீசிஸ். எங்கள் வேதியியல் துறையிலிருந்து ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போன முதல் ஆய்வேடு. எழுதியவர் சவரிமுத்து என்ற இளைஞர். சித்தையன்கோட்டைப் பக்கம் வாய்க்காலை ஒட்டிய தோட்டங்களில் ஆகர் என்ற கைத்துளைக் கருவியால் குழி போட்டு, நிலத்தடி நீர் எங்கே நல்ல நீர், எங்கே உப்பு நீர் என்று பார்த்து எழுதியிருந்தார்.

அந்தக் காலத்தில் தீசிஸ் டைப் அடிக்கும்போது கார்பன் தாள் வைத்து ஒரே தட்டில் ஐந்து பிரதி எடுப்பார்கள். எது யாருக்கு என்பதில் ஒரு வரிசை உண்டு. மேல் பிரதி பல்கலைக்கழகத்துக்கு. இரண்டாவது வழிகாட்டிப் பேராசிரியருக்கு. மூன்றாவது வெளித் தேர்வாளருக்கு. நான்காவது எழுதியவருக்கு. அடியில் கிடந்து, எழுத்துகள் புகைபோல விழுந்த ஐந்தாவது பிரதி நூலகத்துக்கு.

வரைபடங்களுக்குக் கார்பன் உதவாது. டிரேசிங் துணியில் கையால் வரைந்து, மதுரைக்கு அனுப்பி புளூபிரிண்ட் எடுக்க வேண்டும். அதனால் மேல் மூன்று பிரதிகளோடு படங்கள் நின்றுவிடும். எங்கள் பிரதியில் படம் இருக்கவேண்டிய பக்கத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: "படம் 4: முதல் பிரதியில் காண்க."

நூலகரிடம் காட்டினேன்.

"படம் இல்லையே சார்?"

"இருந்தா மட்டும் யாரு பாக்கப் போறா? அக்சஷன் நம்பர் போட்டு, சிவப்பு லேபிள ஒட்டுப்பா. ரெஃபரன்ஸ். வெளிய போகக் கூடாது."

ஒட்டினேன். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அதை யாரும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.

2. வெள்ளையப்பன்

1961 மாசியில் ஒரு காலை, நூலக வாசலில் ஒரு பெரியவரை அட்டெண்டர் தடுத்து நிறுத்தியிருந்தார். கையில் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு. பெயர் வெள்ளையப்பன். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். உள்ளே அழைத்து உட்காரச் சொன்னேன்.

"அப்பு, இங்க சவரிமுத்துன்னு ஒருத்தரு தண்ணிக்குப் படிச்சாரே, அவரப் பாக்கணும்."

"அவரு வடக்க உர ஃபாக்டரியில வேலை கெடச்சுப் போயிட்டாரே அய்யா."

"போயிட்டாரா. நல்லா இருக்கட்டும். எங்க வீட்டுக் கஞ்சியத்தான் மாசக்கணக்குல குடிச்சாரு. வெஞ்சனத்துக்குக் கருவாடு இல்லன்னா மொகம் வாடிரும். ரிசல்ட்டு வந்ததும் நானே வந்து சொல்றேன் மாமான்னாரு."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். பழைய கிணறு தூர்ந்துகொண்டிருந்தது. புதுக்கிணறு வெட்டாவிட்டால் கொடிக்கால் இந்தக் கோடையைத் தாண்டாது. கிணறு வெட்டும் ஆட்கள் அப்போது பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார்கள். அது முடிந்தால் பழனிப் பக்கம் போய்விடுவார்கள், மழை கழிந்துதான் திரும்புவார்கள்.

"உப்புத் தண்ணி பட்டா கொடி பொசுங்கிரும் அப்பு. ஒரு கெணறு வெட்டத்தான் எனக்குத் தெம்பு. ரெண்டாவதுக்கு இல்ல."

தீசிஸை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அட்டவணையைப் படித்தேன். அவருடைய தோட்டத்தில் மூன்று குழிகள்: ஏழு, எட்டு, ஒன்பது. எட்டிலும் ஒன்பதிலும் உப்பு. ஏழில் நல்ல நீர்.

"அப்ப ஏழுல வெட்டிற வேண்டியதுதான்" என்றார், முகம் மலர்ந்து. "ஏழு எது?"

அது நான்காம் படத்தில் இருந்தது.

"மூணு எடமும் எனக்கு ஞாபகம் இருக்கு. ரோட்டோரம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மாட்டுக் கொட்டத்துப் பக்கம் ஒண்ணு. எதுக்கு என்ன நம்பர்னு அவரு சொல்லலியே."

"செத்த நேரம் இருங்க. கேட்டுட்டு வாரேன்" என்று துறைக்குப் போனேன்.

3. பச்சைப் பீரோ

இரண்டாம் பிரதி வேதியியல் பேராசிரியரின் அறையில், பச்சை வண்ண இரும்புப் பீரோவில் இருந்தது. அவர் நல்ல மனிதர். சவரிமுத்துவுக்கு வேலைக்குச் சிபாரிசு எழுதியவரும் அவர்தான். ஆனால் அதற்கு முன்பு ஒரு கருத்தரங்கில் அவர் காட்டிய அட்டவணை, அடுத்த ஆண்டே வேறொருவர் பெயரில் அச்சில் வந்தது. அந்தக் காயம் ஆறவில்லை.

"மேப் மட்டும் கேக்காதப்பா. லண்டன் ஜர்னல் ஒண்ணுக்குப் பேப்பர் போயிருக்கு. அச்சாகிற வரைக்கும் ஒரு கோடு வெளிய போகக் கூடாது."

"வெள்ளையப்பன் அய்யாவோட தோட்டம்தானே சார்?"

"தோட்டம் அவரோடது. டேட்டா டிபார்ட்மெண்ட்டோடது."

"ஏழாம் குழி எதுன்னு வாயால மட்டும் சொல்லுங்க சார். கெணறு வெட்ட ஆளுங்க வந்து நிக்கிறாங்களாம்."

"ஒருத்தருக்குச் சொன்னா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். பூமி எங்கப்பா ஓடிப்போகுது? பேப்பர் வரட்டும். அம்புட்டுப் பேரையும் கூப்பிட்டு வச்சு நானே வெளக்கிச் சொல்றேன்."

ஒப்புக்காகச் சொல்லவில்லை. அப்படியே செய்யத்தான் நினைத்திருந்தார்.

காத்திருந்த வெள்ளையப்பனை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அன்றே பல்கலைக்கழகத்துக்கும் சவரிமுத்துவுக்குமாக இரண்டு கடிதம் எழுதினேன். பல்கலைக்கழக நூலகம், வழிகாட்டியின் கடிதத்தோடு நேரில் வந்தால் படிக்கலாம் என்று பதில் எழுதியது. சவரிமுத்துவிடமிருந்து பதில் இல்லை. அடுத்த வாரம் வெள்ளையப்பன் மறுபடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. யோசித்தார்.

"ரோட்டுப் பக்கமிருந்துதான் அந்தக் கருவியத் தூக்கிட்டு வந்தாரு. அங்கதான் மொதக்குழி போட்டாரு. அப்ப ஏழு அதுவாத்தான இருக்கணும்?"

"இருக்கலாம் அய்யா. உறுதியாச் சொல்ல முடியல. கொஞ்சம் பொறுத்தீங்கன்னா அவரு கடுதாசி வந்துரும்."

"நான் பொறுப்பேன் அப்பு. கொடிக்கால் பொறுக்கணுமே."

4. நிறைய தண்ணீர்

சவரிமுத்துவின் பதில் சித்திரைக் கடைசியில் வந்தது. அவர் ஊர் மாறியிருந்ததால் என் கடிதம் சுற்றிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆய்வு வட்டாரம் முழுவதற்கும் வாய்க்காலின் தலைமடையிலிருந்து கீழ்நோக்கி எண் கொடுத்ததாக எழுதியிருந்தார். குழி தோண்டிய வரிசைக்கும் எண்ணுக்கும் தொடர்பில்லை. மாமாவின் தோட்டத்தில் மாட்டுக் கொட்டம் இருப்பதுதான் தலைமடைப் பக்கம், அதுதான் ஏழு, உடனே சொல்லவும் என்று கேட்டிருந்தார்.

அன்று மதியமே பஸ் ஏறினேன். ரோட்டோரம் புது மண் குவிந்திருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள். வெள்ளையப்பன் வாளியை இறக்கி, இழுத்து, என் உள்ளங்கையில் ஊற்றினார். வாயில் வைத்ததும் நாக்கு கரித்தது.

"தண்ணி என்னமோ நெறையத்தான் கெடக்கு" என்றார். "அதுல ஒரு கொறையும் இல்ல."

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மாட்டுக் கொட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். மேஜைமேல் இருந்த பேனாவைத் திறந்து, மூடி, திறந்தார். "இவ்வளவு சீக்கிரம் வெட்டுவாருன்னு நெனைக்கலப்பா" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஊரைக் கூப்பிடவும் இல்லை.

5. யார் யாருக்குப் போயிற்று

1962இல் லண்டனிலிருந்து கட்டுரையின் தனிப்பிரதிகள் ஒரு பார்சலாக வந்தன. நான்காம் படம் கண்ணாடிபோல அச்சாகியிருந்தது. பேராசிரியர் கொடுத்த முகவரிகளுக்கெல்லாம் நான்தான் அஞ்சலில் சேர்த்தேன். ஒன்று தோட்டக்காரருக்கு வேண்டும் என்று கேட்டேன். "தாராளமாக் கொண்டு போ. இப்ப ஒரு தடையும் இல்ல" என்றார்.

நான் அதைக் கொண்டுபோனபோது கொடிக்கால் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் மழையை நம்பிச் சோளம் விதைத்திருந்தார்கள். மகன் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக வெள்ளையப்பன் சொன்னார். படத்தை வெயிலில் விரித்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் வாய்க்காலை விரலால் பிடித்து, ரோட்டைக் கண்டுபிடித்து, ஏழாம் புள்ளிக்குத் தானாகவே வந்து சேர்ந்தார்.

"பையன் இம்புட்டு அழகா வரைஞ்சிருக்காரே. இது யார் யாருக்குப் போச்சு அப்பு?"

"லண்டன், டெல்லி, பம்பாய்ன்னு பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்களுக்கு."

"அவுகள்லாம் இங்க வந்து கெணறு வெட்டப் போறாகளாக்கும்" என்று சிரித்தார். என்னால் அவரோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

ஓய்வு பெறும்வரை அதே நூலகத்தில் இருந்தேன். ஊர்களைப் பற்றிய எந்த ஆய்வேடு வந்தாலும், படங்களை வாங்காமல் லேபிள் ஒட்டியதில்லை. முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அந்தந்தப் பஞ்சாயத்துக்கு அனுப்பக் கேட்பேன். சிலர் எழுதிக் கொடுத்தார்கள். சிலர் உன் வேலையைப் பார் என்றார்கள்.

இன்று ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள், பிரதி எடுக்கும் வசதி அன்று இல்லாததால் வந்த வினை என்று நினைக்கக்கூடும். அந்தப் படம் என் மேஜைக்கு ஒரு வராந்தா தள்ளித்தான் இருந்தது. வெள்ளையப்பனிடம் குழி போட இடம் கேட்டோம், தண்ணீர் கேட்டோம், தோட்டத்தின் சர்வே எண்ணைக் கேட்டோம். விடை அவருக்கு எப்போது வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. ஆய்வு தொடங்கும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.